கால்சட்டைப் பையில் வெடித்த வேப் பேட்டரி: தப்பு யார் மேல்?

செம்பனை மண்டோர் | திங்கள், இரவு 9:10

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது ஆட்களை மேய்க்கிற கங்காணியாக, இருக்கிறேன். எனக்கு வேப் (மின்சிகரெட்) பழக்கம் இல்லை. அதனால் நான் கேட்பதில் அரைகுறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை காலை பெரட்டு, வேலைக்கு முன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. மணி ஆறுகூட ஆகவில்லை, நல்ல இருட்டு. நான் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். என் சொந்தத் தம்பி மூன்றாவது வரிசை. அவன் பெயரைச் சொன்னேன். பதில் வரவில்லை, 'உஸ்ஸ்' என்று குக்கர் விசில் தூக்குவதற்கு முன்னால் வருமே, அந்தச் சத்தம்தான் வந்தது. அடுத்த நொடி அவன் வலது பையிலிருந்து வெள்ளைப் புகை, அப்புறம் நெருப்பு. கையை உள்ளே விட்டு எடுக்கப் பார்த்தான், விரலும் போச்சு. பக்கத்தில் இருந்த இரண்டு பேர் கால்சட்டையைக் கிழித்து இழுத்தார்கள். தொடையில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

எனக்குப் புரியாதது இதுதான். வேப் அவன் பையிலேயே இல்லை. மோட்டார் கூடையில் சோற்றுப் பொட்டலத்தோடு பத்திரமாக இருந்தது, இப்போதும் முழுசாக இருக்கிறது. பையில் இருந்தது கழற்றிய பேட்டரி மட்டும். வேப் விற்ற கடையில் போய்க் கேட்டேன். "எங்கள் சாமானுக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று கையை விரித்துவிட்டார்கள். தோட்டம் முழுக்க 'வேப் வெடித்தது' என்று பேச்சு. கருவியில் மாட்டாத பேட்டரி சும்மா இருக்கும்போது எப்படி வெடிக்கும்?

சால்டர் சாமி | திங்கள், இரவு 9:31

தம்பி சீக்கிரம் குணமாகட்டும். பட்டணத்தில் கைப்பேசி, டார்ச்லைட், ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவன் நான். ஒரே கேள்வி: அந்தப் பையில் பேட்டரியோடு வேறு என்ன இருந்தது?

செம்பனை மண்டோர் | திங்கள், இரவு 9:40

மோட்டார் சாவி. சில்லறை நாலைந்து. கசங்கிய டிஷ்யூ. அவ்வளவுதான்.

மேகக்கூட்டம் | திங்கள், இரவு 9:58

முதலில் தலைப்பை மாற்றுங்கள் அண்ணே. இது வேப் கோளாறே இல்லை. பேட்டரியைச் சில்லறையோடு போட்டது ஆளின் கோளாறு. ஆறு வருஷமாக வேப் பிடிக்கிறேன், ஒரு பொறி பார்த்ததில்லை. எதற்கெடுத்தாலும் வேப் மேல் பழி போடுவது இப்போது வழக்கமாகிவிட்டது.

கிராணி மகள் | திங்கள், இரவு 10:15

மேகக்கூட்டம், உங்களுக்கு நடக்கவில்லை என்பது கணக்கில் சேராது. அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2009 முதல் 2016 கடைசி வரை செய்தியில் வந்த சம்பவங்களைத் தொகுத்தது. மொத்தம் 195. காயம்பட்டவர்கள் 133 பேர், அதில் 38 பேருக்குக் கடுமையான காயம். கருவியோ தனிப் பேட்டரியோ சட்டைப் பையில், கால்சட்டைப் பையில் இருந்தபோது நடந்தவையும், பிடித்துக்கொண்டிருந்தபோது நடந்தவையும் சேர்ந்து 62 விழுக்காடு. கழற்றிய பேட்டரியையும் அவர்கள் இந்தக் கணக்கில்தான் வைத்தார்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டுகிற மாதிரி கருவி செய்து விற்றால், கழற்றிய பேட்டரி எங்கே போகும்? பைக்குத்தான் போகும்.

சால்டர் சாமி | திங்கள், இரவு 10:22

சண்டை அப்புறம். மண்டோர் அண்ணே, சாவி கையில் இருக்கிறதா? அதன் நுனியை வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லுங்கள். பேட்டரியின் மேல்தாள் மிச்சம் இருந்தால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்றும் பாருங்கள்.

செம்பனை மண்டோர் | செவ்வாய், காலை 10:05

பார்த்தேன். சாவிப் பல்லுக்குப் பக்கத்தில் மிளகு அளவுக்கு ஒரு குழி. சுற்றிலும் நீலமும் கறுப்புமாகக் கன்றியிருக்கிறது. 20 காசு ஒன்றின் விளிம்பிலும் சின்னதாக உருகின தடம். முந்தி அப்படி இல்லை என்று அவன் பெண்டாட்டி சொல்கிறாள்.

பேட்டரி உள்ளே இருந்ததெல்லாம் கக்கி வெறும் தகரக்குழாய் ஆகிவிட்டது. கால்சட்டைத் துணியில் ஒட்டியிருந்த தாள் துண்டில் '9900' மட்டும் படிக்க முடிகிறது. சிவப்பு நிறம்.

சால்டர் சாமி | செவ்வாய், பிற்பகல் 1:20

அந்தக் குழி மின்சாரம் பொறிந்த இடம். இனி சந்தேகமே இல்லை, ஷார்ட் ஆகியிருக்கிறது.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இந்த உருளைப் பேட்டரிக்குப் பெயர் 18650. 18 மில்லிமீட்டர் தடிப்பு, 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் பெயரில் இருக்கிறது. பார்த்தால் மேல்முனை பாசிட்டிவ், அடிமுனை நெகட்டிவ் என்று தோன்றும். உண்மையில் அடிமுனை மட்டுமல்ல, குழாய் முழுக்க நெகட்டிவ்தான். மேல் விளிம்பு வரைக்கும் அந்தத் தகரம் மடங்கி வருகிறது. பாசிட்டிவ் பொத்தானுக்கும் அந்த விளிம்புக்கும் நடுவே ஒரு காகித வளையமும் மெல்லிய பிளாஸ்டிக் தாளும்தான் காவல். அந்தத் தாள் மேல் விளிம்பில் நகக்கண் அளவுக்குக் கிழிந்தாலும் போதும், ஒரு சாவிப் பல் இரண்டையும் தொட்டுவிடும். தாள் கிழியாவிட்டாலும் சாவியும் சில்லறையும் சங்கிலியாகச் சேர்ந்து மேலிருந்து அடிவரை பாலம் போடலாம், அது கொஞ்சம் அபூர்வம்.

ஷார்ட் ஆனால் உள்ளே சூடு ஏறும். இரண்டு மின்முனைகளையும் பிரித்து வைத்திருக்கிற மெல்லிய படலம் 130 பாகை செல்சியஸ் சுமாருக்கு உருக ஆரம்பிக்கும். அதற்கு மேல் வெளியே சாவியே வேண்டாம், உள்ளேயே ஷார்ட், சூடு சூட்டை வளர்க்கும். உள்ளே இருக்கிற திரவம் எரியக்கூடியது. நீங்கள் கேட்ட 'உஸ்ஸ்' அந்த ஆவி பீறிட்ட சத்தம்.

இனி 9900. அது மில்லியாம்பியர்-மணி கணக்கு, பேட்டரி எவ்வளவு மின்சாரம் பிடிக்கும் என்று போட்டிருப்பான். நல்ல கம்பெனிக்காரன் செய்கிற 18650 பெரும்பாலும் 3500-ஐ ஒட்டி நின்றுவிடும். 9900 என்று தாளில் அச்சடித்தால் அது பேட்டரியின் அளவல்ல, அச்சடித்தவனின் துணிச்சல். கையில் தூக்கினாலே பல சமயம் தெரிந்துவிடும். நல்லது சுமார் 45 கிராம் இருக்கும், போலி பெரும்பாலும் லேசாக இருக்கும்.

இப்போது சந்தேகத்தைச் சொல்கிறேன். எந்த வேப் கடைக்காரனும் சிவப்புத் தாள் 9900 விற்று நான் பார்த்ததில்லை. அது பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்), நெற்றியில் மாட்டுகிற தலை லைட்டோடு கொடுக்கிற பேட்டரி. தம்பியிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள்.

செம்பனை மண்டோர் | செவ்வாய், இரவு 8:47

சாமி அண்ணே, எப்படித்தான் கண்டுபிடித்தீர்களோ. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கேட்டேன். முதலில் மழுப்பினான். அம்மா வெளியே போனதும் சொல்லிவிட்டான்.

வேப்போடு வந்த பேட்டரி பழசாகி ரொம்ப நேரம் தாங்கவில்லையாம். வெள்ளிக்கிழமை இரவு அதுவும் காலி. எங்கள் அப்பாவின் தலை லைட்டிலிருந்து பேட்டரியை உருவி வேப்பில் போட்டிருக்கிறான். மேல் பொத்தான் துருத்திக்கொண்டு கொஞ்சம் நீளமாக இருந்ததால் அழுத்தித்தான் மூட வேண்டியிருந்ததாம். ஏழெட்டு இழுப்பில் 'பேட்டரி வீக்' என்று திரையில் வந்தது, கருவியும் சுட்டது. காலையில் பெரட்டுக்குக் கிளம்பும்போது வெளியே வரவில்லை என்று ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்துப் பையில் போட்டிருக்கிறான். நெம்பின இடத்தில்தான் தாள் கிழிந்திருக்க வேண்டும்.

"லைட்டில் எரிகிற பேட்டரிதானேண்ணே, இதிலும் எரியும்னு நெனச்சேன்" என்றான். எனக்கும் அந்த இடத்தில் அப்படித்தான் தோன்றியிருக்கும். திட்ட மனசு வரவில்லை.

சால்டர் சாமி | செவ்வாய், இரவு 9:15

அவன் நினைத்தது அநியாயம் இல்லை. ஒரே அளவு, ஒரே உருவம், ஒரே சார்ஜரில் ஏறும். வித்தியாசம் வெளியே தெரியாது.

தலை லைட் ஒன்றிரண்டு ஆம்பியர்தான் கேட்கும். வேப்பை 60 வாட்டில் வைத்தால், பேட்டரி 3.5 வோல்ட்டில் இருக்கும்போது 17 ஆம்பியர். பேட்டரி இறங்க இறங்கக் குறையும் என்று நினைக்காதீர்கள். வாட்டை நிலையாக வைக்கிற கருவியில் வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும், 3.2-க்கு வந்தால் கிட்டத்தட்ட 19. சைக்கிளில் போகிற ஆளின் முதுகில் செம்பனைக் குலை ஏற்றின கதை. 'பேட்டரி வீக்' என்று கருவி சொன்னது சார்ஜ் தீர்ந்ததால் இல்லை, பாரம் தாங்காமல் வோல்ட் மடங்கியதால். அவன் கருவி ஒழுங்காகத்தான் எச்சரித்திருக்கிறது, பாவம்.

பழைய பால்வெட்டு | செவ்வாய், இரவு 10:02

எனக்கு வயது எழுபத்து மூன்று. பேரன் இந்த இழையைக் காட்டினான். நாங்கள் ரப்பர் பால்மரம் வெட்டப் போகையில் நெற்றியில் கார்பைட் விளக்கு. கீழே கார்பைட் கல், மேலே தண்ணீர், சொட்டுச் சொட்டாக விழுந்தால் கேஸ் வரும், அதில் எரியும். அந்த வாடை இன்னும் மூக்கில் நிற்கிறது. அதுவும் அடைத்துக்கொண்டால் முகத்தில் அடிக்கும். ஆனால் அது அடைக்குமுன் நாற்றம், சத்தம், சுடர் துள்ளுவது என்று நூறு சாடை காட்டும். இந்தக் காலத்துச் சாமான் பையில் ஊமையாகப் படுத்திருந்துவிட்டு ஒரே அடியாக அடிக்கிறது. சுருட்டு எவ்வளவோ தேவலை என்று சொல்ல வந்தேன், பேரன் முறைக்கிறான்.

வார்டு அக்கா | புதன், காலை 7:30

இரவு வேலை முடிந்து எழுதுகிறேன். மண்டோர் தம்பி, புண்ணின் மேல் முதலில் என்ன போட்டார்கள்?

செம்பனை மண்டோர் | புதன், காலை 7:52

சொல்ல வெட்கமாக இருக்கிறது அக்கா. ஒருவர் ஓடிப்போய் கீச்சாப் (சோயா சாஸ்) கொண்டு வந்து ஊற்றினார். இன்னொருவர் பற்பசை. தோட்டத்து மருந்தகத்து டிரெஸர் வந்து எல்லாவற்றையும் கழுவினார்.

வார்டு அக்கா | புதன், காலை 8:10

அதே கதைதான் எல்லா வீட்டிலும். கீச்சாப், பற்பசை, மார்ஜரின், இட்லி மாவு. ஒன்றும் வேண்டாம். ஓடுகிற குழாய்த் தண்ணீர், இருபது நிமிஷம், கடிகாரம் பார்த்து. ஐஸ் வேண்டாம். ஒட்டாத துணியை எடுத்துவிடலாம், புண்ணோடு ஒட்டிய துணியைப் பிய்க்கக் கூடாது. மோதிரம், கடிகாரம் இருந்தால் வீங்கும் முன் கழற்றுங்கள். அப்புறம் சோறு மூடுகிற பிளாஸ்டிக் படலத்தை இறுக்காமல் மேலே போட்டு அழைத்து வாருங்கள்.

பேட்டரிப் புண் அடுப்பில் சுட்ட புண் மாதிரி இல்லை. உள்ளிருந்து தெறிக்கிற திரவம் தோலையும் அரிக்கும், ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம்கூட உண்டாகும். அதனால்தான் டாக்டர்கள் ஒரு சின்னத் தாளைப் புண்ணில் ஒற்றி நிறம் பார்ப்பார்கள், அமிலமா காரமா என்று. வரும்போது 'நெருப்பு' என்று மட்டும் சொல்லாமல் 'லித்தியம் பேட்டரி' என்று சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தையில் சிகிச்சை மாறும்.

மேகக்கூட்டம் | புதன், பிற்பகல் 12:44

சரி, முந்தாநாள் அவசரப்பட்டு எழுதிவிட்டேன். தலை லைட் பேட்டரி விஷயம் எனக்கே புதிது. மன்னிக்கணும் அண்ணே.

ஆனால் ஒன்று. சாமி அண்ணே சொல்கிற எச்சரிக்கையெல்லாம் உள்ளே சர்க்யூட் இருக்கிற கருவிக்கு. நான் வைத்திருப்பது மெக்கானிக்கல் மோட், வெறும் செம்புக் குழாய். ஒழுங்காகத் தெரிந்து பயன்படுத்தினால் அதிலும் ஆபத்து இல்லை.

சால்டர் சாமி | புதன், பிற்பகல் 2:05

தம்பி, உன் கருவியில் சூடேறுகிற கம்பிச்சுருள் எத்தனை ஓம்?

மேகக்கூட்டம் | புதன், பிற்பகல் 2:11

0.15

சால்டர் சாமி | புதன், பிற்பகல் 2:30

முழு சார்ஜில் பேட்டரி 4.2 வோல்ட். 4.2-ஐ 0.15-ஆல் வகு. 28 ஆம்பியர். நல்ல கம்பெனியின் 18650-லேயே நிறைய வகைகள் 20, 25-க்கு மேல் தாங்காது. நீ ஒவ்வொரு தடவை பொத்தானை அழுத்தும்போதும் விளிம்பில் நிற்கிறாய். சர்க்யூட் உள்ள கருவி ஷார்ட்டைக் கண்டால் மறுக்கும், பத்து வினாடிபோல அழுத்திக்கொண்டே இருந்தால் தானே நிறுத்தும். உன் செம்புக் குழாய்க்கு மறுக்கத் தெரியாது. பொத்தான் பையில் அழுந்திக் கிடந்தால் கடைசி வரை எரியும். மேலே மாட்டுகிற திரவ டேங்கின் நடு ஊசி துருத்தாமல் சமமாக இருந்தால் நேராகப் பேட்டரித் தலையில் ஷார்ட். ஆவி வெளியேற ஓட்டை இருக்கிறதா என்றாவது பார்த்து வை.

அமெரிக்காவில் வேப் வெடித்து இறந்ததாகப் பதிவான இரண்டு பேர், 2018-ல் ஃபுளோரிடாவில் ஒருவர், 2019-ல் டெக்சசில் ஒருவர். உருளைப் பேட்டரிக்கு இரண்டு முனையும்தான் பலவீனம். குழாய்க்குள் அடைத்தால் அது ராக்கெட் மாதிரி ஒரு பக்கமாகத்தான் பாயும், அந்தப் பக்கம் உன் முகம். பயமுறுத்த எழுதவில்லை, நீ ஆம்பியர் கணக்குப் போட்டுப் பார்த்ததே இல்லை என்று தெரிகிறது, அதனால் எழுதுகிறேன்.

மேகக்கூட்டம் | புதன், பிற்பகல் 2:58

போட்டுப் பார்த்ததில்லைதான்.

லோரி செல்வம் | புதன், இரவு 7:20

எனக்கு வேறு மாதிரி. பிளாஸ்டிக் டிஸ்போசபிள், தீர்ந்ததும் தூக்கிப் போடுகிற வேப், பேட்டரி கழற்ற முடியாது, பொத்தானும் கிடையாது. பழம் ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிற வழியில் டேஷ்போர்டில் வைத்திருந்தேன். யாரும் தொடவில்லை, நுனி லைட் தானாக எரிய ஆரம்பித்தது, கருகின வாடை, புகை. ஜன்னல் வழியே செம்மண் ரோட்டில் எறிந்துவிட்டேன். எதனால்?

சால்டர் சாமி | புதன், இரவு 7:55

பொத்தான் இல்லாதவற்றில் நீங்கள் இழுக்கும் காற்றை உணர ஒரு குட்டி சென்சார் இருக்கும். திரவம் கசிந்து அதில் இறங்கினால், யாரோ இழுக்கிறார்கள் என்று அது ஏமாறும். வெயில் காய்கிற டேஷ்போர்டில் வைத்தால் திரவம் இளகிக் கசிவு இன்னும் சுலபம். உள்ளே திரவத்தை உறிஞ்சி வைக்கிற காட்டன் காய்ந்து கருகின வாடைதான் உங்களுக்கு அடித்தது. வெளியே எறிந்தது சரி, காய்ந்த ஓலை பக்கம் விழாமல் போனது அதிர்ஷ்டம்.

எரிகிற சாமானைக் கையில் தூக்கி ஓடாதீர்கள். காலால் சிமெண்டுத் தரைக்குத் தள்ளி, ஆட்களை விலக்கி, தூர நின்று நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அணைந்த மாதிரி இருந்து மறுபடியும் பிடிக்கும். சார்ஜில் இருந்தால் முதலில் சுவிட்ச்.

லயத்து ராணி | புதன், இரவு 8:31

எங்கள் பாட்டி தினமும் சாயங்காலம் லயத்துக்குப் பின்னால் சருகு கூட்டிக் கொளுத்துவார். போன மாதம் குவியலில் 'டப்' என்று ஒரு சத்தம், நெருப்புத் துண்டு கோழிக்கூண்டு வரை பறந்தது. தேங்காய் என்று நினைத்தோம். மறுநாள் சாம்பலைக் கிளறினால் விரல் நீளத் தகரக்குழாய் இரண்டு. பையன்கள் பிடித்து முடித்துத் தூக்கிப் போட்ட டிஸ்போசபிள். திரவம் தீர்ந்தால் சாமான் செத்தது என்று நினைக்கிறார்கள், பேட்டரி சாகவில்லை. இப்போது பாட்டி குச்சியால் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் தீ வைக்கிறார். கிடைத்தால் வாரி வந்து என் அண்ணன் கட்டிலில் கொட்டுகிறார்.

கிராணி மகள் | புதன், இரவு 9:05

பாட்டிக்கு ஒரு சலாம்.

சட்டம் பற்றி யாரும் பேசவில்லையே. 2022 ஆகஸ்டிலிருந்து இங்கே விற்கிற வேப் கருவிகளுக்கு சிரிம் (தரச் சான்று நிறுவனம்) சான்றும் முத்திரையும் கட்டாயம். 2024 அக்டோபர் 1-லிருந்து புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம் 852 நடப்பில் இருக்கிறது, 18 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. ஆனால் இந்த இழையில் நடந்ததைப் பாருங்கள். கருவிக்கு முத்திரை இருந்ததா இல்லையா என்பதே இங்கே கேள்வியாகவில்லை. வெடித்தது பாசார் மாலாம் மேசையில் கிடந்த தலை லைட் பேட்டரி. வேப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இதைப் பிடிக்க முடியாது. மொத்தமாகத் தடை செய்யச் சொல்கிறவர்கள் ஜொகூரைப் பார்க்கட்டும், அங்கே 2016-லிருந்தே விற்கத் தடை. என் சித்தப்பா மகன் ஜொகூரில்தான் இருக்கிறான், அவனுக்கு வேப் பெட்டி தபாலில் வருகிறது.

செம்பனை மண்டோர் | வெள்ளி, இரவு 9:20

தம்பியை இன்று வீட்டுக்கு அனுப்பினார்கள். தோல் ஒட்ட வைக்க வேண்டியிருக்காது என்று டாக்டர் சொன்னார். இரண்டு விரல் இன்னும் மடக்க வரவில்லை.

காலை பெரட்டில் பெயர் கூப்பிடும் முன் எல்லோரையும் பையைக் காலி செய்யச் சொன்னேன். சிரித்தார்கள். முப்பத்தோரு பேரில் நாலு பேர் பையில் தனிப் பேட்டரி, ஒன்றுகூட பிளாஸ்டிக் டப்பாவில் இல்லை. இரண்டு பேர் வேப் பிடிக்கிறவர்களே இல்லை, தலை லைட்டுக்கு மாற்றுப் பேட்டரி வைத்திருந்தவர்கள். ஒருவருடையதில் தாள் உரிந்து தகரம் தெரிந்தது, அதை வயரிங் டேப் சுற்றி வைத்திருந்தார். சாமி அண்ணே, அந்த டப்பா எங்கே கிடைக்கும்?

சால்டர் சாமி | வெள்ளி, இரவு 9:34

என் கடையிலேயே இருக்கிறது, இரண்டு பேட்டரி போடுகிறது மூன்று வெள்ளி (ரிங்கிட்). மொத்தமாக எடுத்தால் குறைத்துத் தருகிறேன். தாள் உரிந்ததற்கு டேப் சுற்றக் கூடாது, அதற்கென்று சுருங்குகிற தாளும் காகித வளையமும் வைத்திருக்கிறேன். தகரம் நசுங்காமல் இருந்தால் ஐந்து நிமிஷ வேலை, காசு வேண்டாம். 9900 என்று எழுதியிருந்தால் மாற்றித் தரமாட்டேன், வாங்கி வைத்துக்கொள்வேன்.

பழைய பால்வெட்டு | வெள்ளி, இரவு 10:11

என் தலை லைட்டைத் திறந்து பார்த்தேன். சிவப்பு இல்லை, நீலம். 12000 என்று போட்டிருக்கிறது. இது நல்லதா?

சால்டர் சாமி | வெள்ளி, இரவு 10:14

தாத்தா, திறந்தபடியே மேசை மேல் வைத்துவிடுங்கள். நாளைக்குப் பேரனிடம் கொடுத்து அனுப்புங்கள். பையில் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். சனிக்கிழமை ஒரு மணிக்குக் கடையைச் சாத்திவிடுவேன்.